வரிசையில் எனக்குப் பக்கத்தில்

துறைமுக வாசலில் காலையில் ஆள் எடுப்பார்கள். கப்பல் நிற்கிற நாளில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்போம். வேலை அதில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். கப்பல் வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் காரை விட்டு இறங்கி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார். பெயர் கேட்க மாட்டார், விரலை நீட்டுவார். விரல் பட்டவன் உள்ளே போய் மூடை சுமப்பான். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அல்லது வீட்டுக்குப் போகப் பயந்து தேத்தண்ணிக் கடையில் இருப்பார்கள்.

அந்த வரிசையில் எப்படி நிற்பது என்று அங்கே போன முதல் கிழமையிலேயே பழகிக்கொண்டேன். அதிகம் நிமிர்ந்து நின்றால் திமிர் என்று நினைப்பார். வெளுத்த சட்டை போட்டு வந்தால் வேலை தேவையில்லை என்று நினைப்பார். எல்லாரும் நிற்பது போல நின்று, எல்லாரும் பார்க்கிற பக்கம் பார்க்க வேண்டும். அது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. அதுவரை நான் வாழ்ந்ததே அப்படித்தான்.

ஈச்சிலம்பற்றில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திரியாயில் வயல் வேலை செய்தேன், கப்பல்துறையில் விறகு வெட்டினேன், வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் அவனுடைய கப்பல்களில் துருச் சுரண்டினேன். எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒருமுறை கப்பல்துறை வழியாகப் போனபோது பழைய விறகு காலைக்குள், விறகு அடுக்கி விற்கிற அந்தக் கொட்டகைக்குள், நுழைந்து அங்கிருந்தவர்களிடம் சுகம் கேட்டேன். ஒன்றரை வருடம் நான் சோறு தின்ற இடம் அது. விறகு காலைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆர் தம்பி நீங்கள்? விறகு வாங்கவோ?" என்றார். நான் ஓம் என்று சொல்லி, விலை கேட்டுவிட்டு வந்தேன். அன்று முழுக்க ஏதோ நோய் வந்தவன் போல இருந்தது. நான் செத்தால் எந்த ஊரில் யார் கேட்பார்கள் என்று யோசித்தேன். ஒரு ஊரும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு நான் நகரசபைத் தேர்தல் கேட்டு நின்றதற்கு இதுதான் காரணம். பொதுச்சேவை என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் மறுத்ததில்லை.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனதோடு, நான் அப்போது குடியிருந்த ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, வந்த தண்ணீர்க் குழாயும் நின்றுபோனது. பெண்கள் விடிவதற்கு முன்பே எழும்பி, பெருந்தெருவுக்கு அப்பால் இருந்த ஒரேயொரு கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள். எங்கள் வட்டாரத்துக்கு நகரசபையில் ஒரு உறுப்பினர் இருந்தார். அவர் அந்தக் கொந்தராத்துக்காரர்தான். இரண்டு தடவையும் போட்டியில்லாமல் வந்தவர். விரல் நீட்டுகிறவரை எதிர்த்து யார் கேட்பார்கள்?

தேத்தண்ணிக் கடையில்தான் கதை தொடங்கியது. என்னோடு மூடை சுமந்த கூட்டாளி தொடங்கினான்.

"மச்சான், நீ கேளன்."

"என்னத்தை?"

"எலெக்சனை. உனக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. உன்னை அவர் என்ன செய்யலாம்? வேலை தராட்டி வேற ஊருக்கு வெளிக்கிட்டிருவாய். அதுதானே உன்ர பழக்கம்."

கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம். அண்ணன் முறை வைத்து எல்லாரும் அவரை நானா என்போம். அவர் தேத்தண்ணியை ஆற்றியபடி, "கேக்கிறதெண்டா கேளுங்க தம்பி. சின்னம் என்ன? சோத்து மூடையா?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகும் என் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

மனுவில் வட்டாரத்து வாக்காளர் இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும், ஒருவர் பிரேரிக்க, ஒருவர் ஆமோதிக்க. கூட்டாளி தான் வைப்பதாக எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். நானாவும் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கொந்தராத்துக்காரர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.

"தம்பியோ எலெக்சன் கேக்கப்போறது?"

"யோசிக்கிறன் ஐயா."

"நல்லது. இளம் ஆக்கள் முன்னுக்கு வரத்தானே வேணும்." விரலை என் பக்கம் நீட்டினார். அன்று எனக்குக் கிடைத்தது மூடை சுமக்கிற வேலையில்லை. கொட்டகை நிழலில் இருந்து கிழிந்த சாக்குத் தைக்கிற வேலை. வயதானவர்களுக்குக் கொடுக்கிற சுகமான வேலை அது. எனக்கு வலப்பக்கம் நின்ற கூட்டாளியை எடுக்கவில்லை. இடப்பக்கம் நின்றவனையும் எடுக்கவில்லை.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும் நான் உள்ளே போனேன், என் இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் வெளியே நின்றார்கள். அவர் ஒரு கெட்ட வார்த்தையும் பேசவில்லை, எவரையும் மிரட்டவில்லை. வரிசைக்கு விளங்க அது போதுமாக இருந்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் எனக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளி விழுந்தது. நான் நகர்ந்தால் அந்த வெளியும் என்னோடு நகர்ந்தது. கடைசியில் போய் நின்றேன். அங்கே நின்ற ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, உங்களோட எனக்குக் கோவமில்லை. அங்கால தள்ளி நில்லுங்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல், இண்டைக்கு நான் உள்ள போகாட்டி ஏலாது." தள்ளி நின்றேன். தலை குனிந்து பார்த்தேன், கூட்டத்தோடு ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. தூரத்தில் வருகிறவனுக்குக்கூட அந்த நூறு பேரில் முதலில் நான்தான் தெரிந்திருப்பேன். ஆள் தெரிய வேண்டும் என்றுதானே ஒரு காலத்தில் நான் விரும்பினேன்.

கூட்டாளி மட்டும் வீம்புக்கு என் வலப்பக்கத்திலேயே நின்றான். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறான் என்பது அவன் வாய் மணத்தில் தெரிந்தது. "தள்ளி நில் மச்சான்" என்றேன். "வாயைப் பொத்திக்கொண்டு நில்" என்றான். பிறகு ஒரு காலை அவனைப் பக்கத்தில் காணவில்லை. வரிசையின் மறுமுனையில் நின்றான். அன்று அவனுக்கு விரல் நீண்டது. என்னைக் கடந்து உள்ளே போனபோது தன் கால்களைப் பார்த்துக்கொண்டு போனான்.

அதே நாள் பின்னேரம் நான் கேட்காமலே நானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "கையெழுத்து விசயத்தில என்னைப் பிடிச்சு வைக்காதீங்க தம்பி. கடை நிக்கிற நிலம் ஆருடையது எண்டு தெரியும்தானே." தெரியும் என்றேன். தேத்தண்ணிக் காசை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

ஆக, வேட்புமனு கொடுக்கிற நாளில் என்னிடம் மனு இருந்தது, ஆட்கள் இல்லை. மத்தியானத்துக்கு முன் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கொடுத்தாக வேண்டும். நான் கச்சேரிக்குப் போகாமல் இறங்குதுறைக்குப் போனேன். மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகு கட்டி நின்றது. ஏறி உட்கார்ந்தால் போதும். அப்படி எத்தனை ஊரிலிருந்து கிளம்பியிருக்கிறேன்! கூட்டாளிக்கு வேலை கிடைக்கும், காய்ச்சல்காரப் பிள்ளையின் தகப்பனுக்கு நிம்மதி வரும், என்னை ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். அந்தக் கடைசி எண்ணம்தான் காலைப் பிடித்தது.

இறங்குதுறை முகப்பில் ஒரு விதவை அப்பம் சுட்டு விற்பார். எங்கள் ஒழுங்கைக்காரி. நான் அக்கா என்பேன்.

"என்ன தம்பி, கச்சேரியை இந்தப் பக்கம் மாத்திப்போட்டாங்களோ?"

"கையெழுத்து வைக்க ஆளில்லை அக்கா."

"ஆளில்லையோ, ஆம்பிளையில்லையோ?" அப்பச்சட்டியை இறக்கி வைத்தார். "எனக்கும் வோட்டு இருக்கு. நான் கொந்தராத்துக்காரரின்ர வரிசையில நிக்கிறதில்லை. நான் நிக்கிறது கிணத்தடி வரிசையில."

"இரண்டு பேர் வேணும்."

"நீ போய்க் கச்சேரியில நில். ஓடிப்போகாத, என்ன?"

நான் லோஞ்சைப் பார்த்ததை அவர் கண்டிருக்க வேண்டும்.

கச்சேரி விறாந்தையில் நின்றேன். வியர்வையில் மனு நனைந்து எழுத்து பரவிவிடுமோ என்று அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கொந்தராத்துக்காரர் இரண்டு காரில் ஆட்களோடு வந்தார், கழுத்தில் மாலை. மனுவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. கதிரை ஒன்று போடச் சொல்லி எனக்கு எதிரே இருந்தார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்ததும் வெளியில் எப்போதும் மேய்கிற மான்களில் ஒன்று வந்து அதை இழுத்தது. எவரும் சிரிக்கவில்லை.

"ஆக்கள் இன்னும் வரயில்லையோ தம்பி?"

"வருவினம் ஐயா."

"வரட்டும், வரட்டும். நேரம் கிடக்குத்தானே."

உள்ளே இருந்த அதிகாரி சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் காய்ந்திருந்தது. தண்ணீர் கேட்கவும் பயமாக இருந்தது, போய் வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டால்? வராமல் போனால், நாளை அந்த வரிசையில் எந்த முகத்தோடு நிற்பது?

அக்கா படியேறி வந்தார். பின்னால் இடுப்பில் பிள்ளையோடு, சேலைக்கரை ஈரமாக, கிணற்றடியிலிருந்து அப்படியே வந்த ஒரு பெண். கூட்டாளியின் மனைவி. ஒழுங்கையில் வேறு எந்தப் பெண் வந்திருந்தாலும் எனக்கு உயிர் வந்திருக்கும். அவளைக் கண்டதும் மனுவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"தங்கச்சி, வேண்டாம். திரும்பிப் போங்கோ."

"நீங்கள் கேக்கயில்லையெண்டால் நான் போறன். கேக்கிறதெண்டால் பேனையைத் தாங்கோ. பிள்ளை நித்திரைக்கு அழுது."

"அவனுக்குத் தெரியுமோ?"

"சொல்லயில்லை. சொன்னால் வேண்டாம் எண்டுவார். சொல்லாட்டி, தனக்குத் தெரியாதெண்டு அவர் உண்மையாச் சொல்லலாம்தானே."

அக்கா முதலில் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அடுத்து இவள் குனிந்தபோது கொந்தராத்துக்காரர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"உன்ர புருசன் இண்டைக்கு உள்ளதானே வேலை செய்யிறான்?"

"ஓம் ஐயா. நீங்கள்தானே எடுத்தனீங்கள்." தலை நிமிராமல் எழுதினாள். பிள்ளை பேனையைப் பிடிக்கப் பார்த்தது. அதன் கையை விலக்கிவிட்டு எழுதி முடித்தாள். என்னைவிட நல்ல கையெழுத்து.

அதிகாரி வாக்காளர் இடாப்பில் இரண்டு பெயரையும் தேடினார். இடாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, பெயர் இல்லாமல் போகட்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். "இருக்கு" என்று சொல்லி மனுவை எடுத்து வைத்தார்.

கொந்தராத்துக்காரர் படியில் நின்று அவளைப் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு என்ன பேர் தங்கச்சி?" என்று கேட்டார். எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவரிடம் அவர் பெயர் கேட்டதை நான் அன்றுதான் கண்டேன். அவள் பெயரைச் சொன்னாள். "வடிவான பேர்" என்றார்.

தேர்தலில் நான் தோற்றேன். நன்றாகவே தோற்றேன். ஆனால் தேர்தல் முடியும்வரை அவர் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக நடக்க வேண்டியிருந்தது. கிணற்றடியில் பெண்கள் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். குழாய் மூன்று வருடம் கழித்து வந்தது. அது என்னால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, அவரால் வந்தது என்பவர்களும் உண்டு. எனக்குத் தெரியாது.

நான் இன்னும் மறக்காதது மனுக் கொடுத்த அந்த நாளின் பின்னேரம். கூட்டாளி வேலை முடிந்து வரும்வரை அவன் வீட்டு வாசலில் நின்றேன். வேலி ஓரம் நிற்பதா, படலையைத் திறந்து உள்ளே போவதா என்றுகூட முடிவெடுக்க ஏலவில்லை. மா மூடை சுமந்து தலையும் புருவமும் வெள்ளையாக வந்தான். அவனுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவியைப் பார்த்து, "வச்சிட்டியோ?" என்றான். "ஓம்" என்றாள். அவன் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் எடுத்து முகத்தைக் கழுவினான்.

"என்னட்ட நீ வந்து கேக்கயில்லை" என்றான் என்னிடம்.

"நீ மாட்டன் எண்டுவாய் எண்டு நினைச்சன்."

"மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனா நீ கேட்டிருக்க வேணும்." செம்பைக் கவிழ்த்து வைத்தான். "நாளையிலயிருந்து என்னை எடுக்கமாட்டார்."

"எடுக்கமாட்டார்."

"அப்ப நீ இஞ்சதான் நிப்பியோ? இல்லாட்டி, கொஞ்ச நாளில எங்களை இப்பிடி விட்டுட்டு வெளிக்கிட்டிருவியோ?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். அவளும் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நிப்பன்" என்றேன்.

எந்த ஊரிலும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவன் படலையைத் திறந்துவிட்டான். உள்ளே வந்து இரு என்றான். நான் போய்ச் சுவரோடு சாய்ந்து இருந்தேன். நாளைக்கு இந்த வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பதை மூன்று பேருமாகக் கதைக்கத் தொடங்கினோம்.