குடம் வேகமெடுக்கும் இடம்

தங்கச்சி மகள் செல்வி வில்லுப்பாட்டு இசையைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறாள். நாகர்கோவிலில் ஒரு நூலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். எட்டாம் வகுப்போடு ஊர்சுற்றப் போன எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"நீங்க சின்னதுல நேருல கேட்டதுதான மாமா. இந்தப் பழைய பதிவுல குடத்தடி எப்ப வேகமாவுதுன்னு சொல்லுங்க, போரும்," என்று ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.

குடத்தின் வாயில் விழுந்த முதல் அடியிலேயே நான் மறுபடி சின்னப் பையனாகிவிட்டேன்.

இசக்கியம்மன் கோயில் திருவிழாவில் நடுப்பகல் பூசை, உச்சிக்கொடை. மஞ்சள் தண்ணீரும் கமுகம்பூவும் மணத்தன. குடம் வேகமெடுத்ததும், என் கையைப் பிடித்திருந்த அம்மை அதை உதறிவிட்டு, முடியவிழ்ந்து ஆடினாள். அப்பா என் வாயைப் பொத்தினார்.

"சாமி வந்தப்பொறவு அம்மைன்னு விளிக்கப்பிடாதுலே மக்கா. இப்ப அவ ஒனக்க அம்மை இல்ல."

அவர் கையை விலக்கி, "அம்மா" என்று கத்திவிட்டேன். அவள் திரும்பினாள்.

"ஆருலே நீ?"

அந்தக் கண்களுக்கு என்னைத் தெரியவில்லை.

சாயங்காலம் அவளேதான் ரசம் விட்டுச் சோறு போட்டாள். ஆனால் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாளே, அந்தச் சத்தத்துக்குப் பயந்து, பிறகு நான் அவளோடு சந்தைக்குக்கூடப் போகவில்லை. வளர்ந்ததும், கொடை மாதங்களில் கிடைத்த லாரியில் ஏறி வெளியூர் போய்விடுவேன்.

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். செல்வி மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அப்படியே என் அம்மையின் முகம். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மேசைக்கடியில் கால் தாளம் போட்டது. கண்கள் மூடின.

"செல்வி" என்று கூப்பிட்டேன். காதில் ஹெட்போன் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை.

உரக்கக் கூப்பிட்டால், அன்று அம்மை திரும்பியதுபோலத் திரும்பிவிடுவாள். அதனால்தான் மறுபடி கூப்பிடவில்லை.