அப்படி என்ன அவசரம்

என் மகனுக்கு எட்டு மாதம் ஆகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை, பெயரும் வைக்கவில்லை. அவன் அப்பா துபாயிலிருந்து லீவில் வரவேண்டும், வீடியோ எடுக்கவேண்டும், தரங்கம்பாடியே மூக்கில் விரல் வைக்கும்படி பிரியாணி போடவேண்டும். ஆண்டவரையே லீவுக்குக் காக்க வைத்த குடும்பம் எங்களுடையது.

அப்போதுதான் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தது. காலை மடக்கிக்கொண்டு வீறிடுவான், கொஞ்ச நேரம் துவண்டு கிடப்பான், மறுபடியும் வீறிடுவான். பச்சையாக வாந்தி எடுத்தான். "பல்லு முளைக்குது. உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்று மாமியார் அவன் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினார். மறுநாள் துணியில் ரத்தமும் சளியுமாகப் போனபிறகுதான் தஞ்சாவூருக்குப் போகக் கார் வந்தது.

சர்ஜன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். "குடலுக்குள்ள குடல் சொருகிக்கிட்டு இருக்கும்மா, சட்டைக் கை உள்பக்கமா மடிஞ்சிக்கிற மாதிரி. நேத்தே வந்திருந்தா வெட்டாமலே சரிபண்ணப் பார்த்திருக்கலாம். இப்ப உடனே திறக்கணும்."

மாமியார் குறுக்கே வந்து நின்றார். "ஞானஸ்நானம் ஆகாத புள்ளைங்க. ஊர்லேர்ந்து போதகர் வரட்டுங்க."

எண்ணெய் தடவியபோது வராத பயம் அப்போது வந்தது அவருக்கு. எனக்கு வந்தது கோபம். சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கோயில் வகுப்பில் படித்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி அவன் தலையில் ஊற்றி, வாயில் வந்த பெயரை வைத்து, பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொடுத்தேன். செத்தாலும் பெயரோடு சாகட்டும் என்றுதான் நினைத்தேன்.

பிழைத்தான். அழுகிப்போன ஒரு சாண் குடலை வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

லீவில் வந்த என் கணவர் வெள்ளை லேஸ் அங்கியும் வீடியோ கேமராவுமாக வந்து இறங்கினார். ஆபரேஷன் ஆனது அவருக்குப் போனிலேயே தெரியும்; ஞானஸ்நானம் ஆனதைப் போதகரிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாள் குறிக்கப் போதகரிடம் போனார். "உங்க வீட்டம்மா கொடுத்ததே செல்லும்ங்க. ஒருத்தருக்கு ஒரு தரந்தான்" என்று போதகர் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என்மேல் பாய்ந்தார். "நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா? அப்படி என்ன அவசரம் உனக்கு?"

நான் பிள்ளையின் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். வந்ததிலிருந்து அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கியை எடுத்துப் பிரித்தார்.

"பிரியாணி அன்னிக்கு இதப் போட்டு எடுத்துடலாம். நீளமாத்தான் வாங்கியிருக்கேன். தழும்பு வீடியோவுல தெரியாது" என்றார்.