லோடு இறங்கிய பிறகு

பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களை அச்சகத்தில் வாங்கி, விஸ்வநத்தம் பக்கமுள்ள கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வியாபாரம். மகன் கம்ப்யூட்டர் படிக்க மதுரைக்குப் போனதும் அவனுடைய கியர் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன். அதில் சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, பிரேமிலேயே தடித்த ஸ்பிரிங் இருக்கும். சீட்டுக் கம்பியில் கேரியர் மாட்டி லேபிள் கட்டுகளை ஏற்றினால் ஸ்பிரிங் ஒரேயடியாக அமுங்கிவிடும். அதனால் அதன் மேலுள்ள வளையத்தை முழுக்கத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கினேன். லோடோடு சைக்கிள் அலுங்காமல் போனது.

சென்ற தீபாவளி சீசனில் ஒரு மதியம், லோடை இறக்கிவிட்டு வெறும் சைக்கிளில் சரிவில் வேகமாக வந்தேன். கீழே இருந்த வேகத்தடையில் பின்சக்கரம் ஏறியதும் சீட் என்னைத் தூக்கி எறிந்தது. எதிரே வந்த மினிபஸ் பிரேக் அடித்து, என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்தேன்.

வீட்டில் மருந்து போட்டுவிட்ட என் மனைவி, வாசலில் நின்ற சைக்கிளின் சீட்டை அமுக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, கல்லு மாதிரி இருக்கு! லோடுக்கு இறுக்குனீக, சரி. இறக்குனப்புறம் தளர்த்த வேணாமா? வெறும் ஆளைத் தூக்கி அடிக்காம அது என்ன செய்யும்?"

சுமையோடு போகும்போது விழுந்துவிடுவோமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். விழுந்ததோ, சுமையை இறக்கிவிட்டு நிம்மதியாகத் திரும்பும்போது.

இப்போதெல்லாம் லோடை இறக்கியதும் கம்பெனியில் டீ நீட்டினால், "ஓரமா வைங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு முதலில் வளையத்தைத் தளர்த்துகிறேன். டீ ஆறித்தான் போகிறது, ஆனாலும் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

– எம். சிக்கந்தர், சிவகாசி