எல்லைக்கல்லும் நெருப்பெறும்பும்

எங்கள் முற்றத்தில் நெருப்பெறும்பு குடியேறிய வருடம்தான் தம்பி தவழ ஆரம்பித்தான். எறும்பும் அவனும், இரு தரப்பும் தரையை விட்டு நகர்வதாக இல்லை. அவனை இடுப்பிலிருந்து இறக்கவும் முடியாமல், இறக்காமல் அடுப்பு வேலை பார்க்கவும் முடியாமல் அம்மா தவித்தாள். கீழே விட்டால் கொஞ்ச நேரத்தில் வீலென்று அலறுவான். தொடையெல்லாம் சிவப்புத் தடிப்புகள் கிளம்பியிருக்கும். மறுநாள் அவை ஒவ்வொன்றிலும் சீழ் கோத்து நிற்கும்.

அனுமந்தன்பட்டியில் எங்களுடையது பாதி வீடு. மீதிப் பாதியில் பெரியப்பா இருந்தார். பாகம் பிரிக்கும்போது பேச்சு தடித்து, அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார்கள். முற்றத்தின் நடுவே ஓர் எல்லைக்கல் நட்டிருந்தது. நெல் அவிக்கும் பெரிய அண்டா அவர்கள் பங்குக்கும், அதன் மூடி எங்கள் பங்குக்கும் வந்திருந்தது என்றால் பங்கீடு எவ்வளவு அழகாக நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புகள் இதையெல்லாம் விசாரித்துவிட்டு வந்தவை போல, சரியாக அந்தக் கல்லுக்கு அடியில் கூடு வைத்திருந்தன.

கல்லைப் பெயர்க்காமல் கூட்டை அழிக்க முடியாது. பெயர்த்தால், எல்லையைத் தள்ளி நடப் பார்க்கிறான் என்று அந்தப் பக்கம் சண்டைக்கு வருவார்கள். அதனால் அப்பா கல்லைச் சுற்றி மஞ்சள்தூளைத் தூவுவதும், சாம்பலைக் கொட்டுவதுமாக நாளைக் கடத்தினார். எறும்புகள் சாம்பலின் மேலேயே ஊர்ந்து போயின.

அப்போதுதான் அம்மாவின் தம்பி, லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்த்த மாமா வந்தார். மலையிலிருந்து விழும் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறவர்களுக்கு எறும்பு எம்மாத்திரம்?

"எதுக்கு மச்சான் கொல்லணும்? வழியக் காட்டிவிட்டா அதுகளாப் போயிரும்" என்றார்.

அவர் காட்டிய வழி பெரியப்பா வீட்டை நோக்கிப் போனது. கருப்பட்டியைப் பொடித்துக் கல்லிலிருந்து அந்தப் பக்கமாக என்னைத் தூவச் சொன்னார். மறுநாள் காலையில் எறும்புகள் சாரைசாரையாக எல்லை தாண்டிப் போவதைப் பார்த்து நாங்கள் பூரித்துப்போனோம். மாமா மீசையைத் தடவிக்கொண்டே பஸ் ஏறினார். அதற்கடுத்த நாள் அதே சாரை எங்கள் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து மண்ணில் தேங்காய்ச் சில்லுகள் கிடந்தன. அம்மா தேங்காய் உடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கும் எங்கள் மாமாவைப் போல ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும்.

இப்படி இரண்டு வீட்டுச் சாப்பாட்டில் எறும்புகள் கொழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலை அம்மா ஆட்டுக்கல்லில் மாவு வழித்துக்கொண்டிருந்தாள். தம்பி நைசாக நழுவிப்போய், மீந்திருந்த கருப்பட்டியை எடுக்கக் கல்லடியில் கையை வைத்துவிட்டான். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கை, கால், வயிறெல்லாம் எறும்பு மொய்த்துவிட்டது. மாவுக் கையோடு அம்மா எழுந்து ஓடுவதற்குள் பெரியம்மா எல்லையைத் தாண்டி வந்து அவனைத் தூக்கியிருந்தார்.

"ஆத்தாடி, பச்சப் பிள்ளைய என்ன பாடுபடுத்திருச்சுக!" என்று முந்தானையால் தட்டித் துடைத்து, வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கடிவாயில் தடவினார். அம்மா "அக்கா" என்றாள். உடனே அழுதுவிட்டாள்.

"அழுகாத. வெசம் எறங்கிரும். இங்கன ஒக்காரு" என்றார் பெரியம்மா.

அன்று மத்தியானம் அப்பா கடப்பாரையோடு கல்லருகே போய் நின்றார். பெரியப்பாவும் ஒரு கடப்பாரையோடு வந்தார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டேன். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். ஆனால் பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

"கல்லத் தூக்காம கொதிதண்ணி உள்ள எறங்காதுன்னு உங்கப்பன்ட்டச் சொல்லு தாயி."

சொன்னேன்.

"தூக்குனா, திருப்பி எங்கன நடுறதுன்னு கேளு."

கேட்டேன். பெரியப்பா கடப்பாரையைக் கல்லடியில் செருகினார். "மொதல்ல எறும்பு போகட்டும்னு சொல்லு."

பெரியம்மா அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தார். அம்மா உள்ளே போய் மூடியை எடுத்துவந்து அதன்மேல் வைத்தாள். கல்லை இருவரும் ஆளுக்கொரு பக்கம் நெம்பியபோது அது திடீரென்று பெரியப்பா பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, காலு!" என்று அப்பா கத்தினார்.

"ஏலே, நீ பிடிய விட்றாத!" என்றார் பெரியப்பா.

அப்பாவிடம் இதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் உத்தியோகம் பறிபோனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்தான்.

கல் பெயர்ந்ததும் எறும்புகள் குபுகுபுவென்று கிளம்பின. இரண்டு பெரிய மனிதர்களும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குதித்த குதியைப் பார்த்து அம்மாவும் பெரியம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்டா அண்டாவாகக் கொதிநீர் குழிக்குள் போனது. பெயர்த்த கல்லைக் கிணற்றடிக்கு உருட்டிவிட்டார்கள். அதைத் திருப்பி நடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளடைவில் அது துணி துவைக்கும் கல்லாகிவிட்டது. தம்பி முற்றம் முழுக்கத் தவழ்ந்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியப்பா அந்தக் குழியருகே வந்து நிற்பார். "எறும்பு திரும்ப வந்துருச்சான்னு பாப்பமாடா?" என்பார். "பாக்கணும்ணே, லேசுல விடக்கூடாது" என்று அப்பாவும் போய் உட்கார்ந்துகொள்வார். அம்மா இரண்டு டம்ளர் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எறும்பு பார்ப்பார்கள்.

பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே குழியைக் கிளறி, சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடிவிட்டு வந்து, "ஒரு எறும்புகூட இல்ல" என்று அறிவித்தேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடியில இருக்கும் தாயி. நீ போய் வெளாடு, நாங்க பாத்துக்கிறோம்" என்றார் பெரியப்பா.

இவ்வளவு பெரிய ஆட்களுக்கு எறும்பைக் கண்டு இத்தனை பயமா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.