மெஷின் நின்றபோது கேட்ட பாட்டு

என் மருமகளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது எங்கள் தையல் கம்பெனிப் பெண்கள்தான். எந்த சினிமாப் பாட்டைக் கேட்டாலும் பாடினவளின் குரலை அப்படியே உரித்து வைப்பாள். அவள் காலர் தைப்பாள். நான் அதே ஹாலில் கீழே உட்கார்ந்து பிசிறு வெட்டுவேன். என் மகன் செத்துப் போன பிறகு வீட்டில் அடுப்பெரிவது எங்கள் இருவர் கூலியில்.

துணி திருடு போகிறதென்று கம்பெனியின் பின்கதவை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்வாசல் பக்கம் மோட்டார் கருகி, ஹால் முழுக்கப் புகை. எல்லோரும் பின்கதவுக்கு ஓடித் தட்டினோம். சாவியோடு சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து திறப்பதற்குள் ரேடியோவுக்குப் பக்கத்து மெஷின்காரி கதவடியில் அவள் மடியிலேயே சாய்ந்துவிட்டாள். பிழைக்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மறுநாளும் அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது.

அதன்பின் ரேடியோ பாட வாயே திறக்கவில்லை. பிறகொரு நாள், மெஷின் ஓடுகிற தாளத்துக்கு எதையோ முனகினாள். காதைக் கொடுத்தேன்.

கதவைத் தட்டின கை இது, காது கேக்கல உனக்கு.
பக்கத்து சீட்டு காலியாச்சு, பதில் சொல்லு எனக்கு.

"என்னடி இது, தகரத்தை இழுக்கிற மாதிரி கரகரன்னு? உன் தேன் குரல் எங்க போச்சு?"

"அதெல்லாம் ஊரார் வீட்டுக் குரல் அத்தை. புகை குடிச்ச பிறகு மிச்சம் இதுதான். இது என்னுது."

"உன்னுதுன்னா உன் வாய்க்குள்ளயே வச்சுக்கோ. அந்த சூப்பர்வைசர் காதுல விழுந்தா ரெண்டு பேரும் தெருவுலதான்."

கேட்டால்தானே. அவ்வப்போது ஒரு வரி சேர்த்தாள். மடியில் தலை சாய்ந்தது, கதவடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, எல்லாம் பாட்டில் வந்தது. மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது என்ற தைரியத்தில் வரிசையே அதைப் பாடப் பழகிவிட்டது.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மெஷின்கள் சட்டென்று அடங்கின. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவள் மட்டும் அடுத்த வரியையும் பாடி முடித்தாள். சூப்பர்வைசர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். செத்தவளின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லாருக்கே. யார் கட்டின பாட்டு?"

"நான்தான் சார்."

"ஒரு சினிமாப் பாட்டு பாடு. இதை நான் மறந்துடறேன்."

அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். பாடித் தொலை என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் தன் பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அவர் சிரித்த முகம் மாறாமல் கடைசி வரை கேட்டார்.

மறுநாள் அவளை மாடியில், துணி அடுக்கும் அறைக்குள் தனி மெஷினில் போட்டார்கள். ஜன்னல் கிடையாது. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள், பளபளவென்று புதுசு. நான் கத்தரியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு போய் அந்த நிலைப்படியிலேயே உட்கார்ந்தேன்.

"பாட்டி, எழுந்திருங்க. கதவைச் சாத்தணும்."

"மூட்டு பிடிச்சுக்கிச்சு தம்பி. வேணும்னா தூக்கிப் போடு."

சூப்பர்வைசர் கதவில் கை வைத்தபடி என் தலைக்கு மேலே நின்றார். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது, அதோடு அவள் பாட்டும். கீழே ஹாலில் பெண்கள் அதைக் கேட்க மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். இரைச்சல் அடங்கியது அவருக்கும் கேட்டிருக்கும். கதவு என் தோளில் மெல்ல அழுத்த ஆரம்பித்தது.