கொலுசு போட்ட வேன்

தன் வேன் சக்கரத்துக்கு அக்கா வீட்டுக்காரர் பூட்டுப் போட்டதைக்கூட மெக்கானிக் மன்னித்திருப்பான். எதிரே நின்ற ஒரு கான்ட்ராக்டர் காருக்குப் போடவில்லையே, அதைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை. ஒரே நாள், ஒரே இடம், ஒரே தப்பு. இவனுக்குப் பூட்டு, அவனுக்குச் சலாம். ஏன் என்று ஒரு நாள் அந்த மனுஷனை முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டே இருந்தான். கேட்கத்தான் இல்லை. கேட்க வேண்டுமானால் பேச வேண்டும். பேசினால் வீம்பு போய்விடும். பம்ப் செட்டைப் பிரித்து மேய்கிறவனுக்கு இந்த ஒரு முடிச்சை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் பெயர் கோட்டுக்காரர். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏரியோரத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிற கேம்ப் ஒன்று உண்டு. அங்கே வண்டி நிறுத்துகிற இடங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், அந்தக் கோட்டைக் காப்பதும்தான் அவர் வேலை. புதிதாக வந்த ஒரு அதிகாரி கேட் ரூமில் நின்றுகொண்டு, "இங்க கோட்டு போட்டவர்னு ஒருத்தர் இருக்காராமே, எங்க?" என்று கேட்டாராம். கிழிந்த பனியனும் கையில் வாளியுமாக நின்றவர், "எல்லாக் கோடும் நான் போட்டதுதான் சார்" என்றாராம். இதை அவரே சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது கேட்க மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தான்.

கோடு போடுவதை ஒரு தவம் போலச் செய்வார். இரண்டு முளை அடித்து இடையில் கயிறு கட்டி, அடியில் ஓட்டை போட்ட டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடப்பார். முன்பக்கம் நடந்தால் போட்ட கோட்டை மிதித்துவிடுவோமாம். மழை வந்து கழுவிவிட்டுப் போகும். மறுபடி முளை, மறுபடி கயிறு. ஒரு கூடாரத்துக்கு ஒரு வண்டி. நாலு சக்கரமும் கோட்டுக்குள்ளே. இடம் பத்தாவிட்டால் கேட்டுக்குப் பக்கத்துப் பெரிய மைதானத்தில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். பாதையை மறித்தால் தண்ணி லாரியும் உள்ளே வராது, ஆம்புலன்ஸும் வராது. மீறினால் சக்கரத்துக்குப் பூட்டு. இவ்வளவுதான் சட்டம்.

சட்டம் வீடு வரைக்கும் வந்திருந்தது. வாசலில் செருப்பு விடுவதற்குக் கூட ஒரு கோடு போட்டிருந்தார். "என்னையும் ஒரு நாள் கோட்டுக்குள்ள நிக்க வெச்சுப் பூட்டிடுவாரு" என்று அக்கா சொல்லுவாள். ஆனால் அவளும் செருப்பை உள்ளேதான் விடுவாள்.

பூட்டு விழுந்தது மெக்கானிக் சொந்தமாக வேன் வாங்கிய வருஷம். பழைய வேன்தான். பெயிண்ட் அடித்துப் புதுசாக்கி, மாமனார் மாமியார், பொண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நீண்ட லீவு ஒன்றில் கேம்புக்குப் போனான். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "அங்க எல்லாம் நம்ம மாமா ராஜ்ஜியம். நம்மள யாரு கேப்பா?"

கிடைத்தது பெரிய மரத்தடி. நல்ல நிழல். ஆனால் மரத்தின் வேர் ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு புடைத்து நின்றது. முன் சக்கரம் அதில் தட்டி, வேனின் பின்பக்கம் கோட்டுக்கு வெளியே பாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே கான்ட்ராக்டரின் நீளக் கார், பாதையில் பாதியை அடைத்துக்கொண்டு சொகுசாகக் கிடந்தது.

கோட்டுக்கார மாமா வந்தார். "மாப்ளே, வண்டி வெளிய நிக்குது."

"வேர் தட்டுது மாமா. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மைதானத்துல விட்டுட்டு வா."

"அட, இருக்கட்டும் மாமா! யாரு வந்து கேக்கப் போறா? கேக்குற ஆளே நீங்கதானே?" என்று மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது பின் சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் பூட்டுத் தொங்கியது. மாமனார் குனிந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்பிள்ளை, வண்டிக்குக் கொலுசு போட்டிருக்காங்க? உங்க மாமா சீரா?"

சுற்றி இருந்த கூடாரங்களில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கான்ட்ராக்டரும் சிரித்தார். அவர் காரில் பூட்டு இல்லை.

கேட் ரூமுக்குப் போய், வண்டியை எடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூட்டைக் கழற்றிவிடுவார். மெக்கானிக் போகவில்லை. "பூட்டினவனே வந்து தொறக்கட்டும்" என்று கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு, குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டான். லீவு முடிந்து கேம்ப் காலியான பிறகு அக்காதான் பூட்டுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் 'கொலுசு வண்டி' என்ற பெயர் அந்த வேன் காயலான் கடைக்குப் போகிற வரைக்கும் போகவில்லை.

அன்றோடு சரி. இரண்டு தெரு தள்ளித்தான் அக்கா வீடு. அவன் அந்தப் பக்கமே போகவில்லை. கேம்பில் பம்ப் ரிப்பேர் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அவன் மகள் கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். மாமா முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்கு உள்ளே வரவில்லை. வெளியே வெயிலில் நின்று, வருகிற வண்டிகளையெல்லாம் கை காட்டி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் வெயிலில் நின்றதை மெக்கானிக் ஜன்னல் வழியாகப் பார்த்தான். "வாங்க மாமா" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அதற்கும் சில வருஷம் கழித்து ஒரு நாள், அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றபோது அவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"மாமா படுத்துட்டாரு. இனி வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன்னைக் கேக்கறாரு."

"என்னையா?"

"இல்ல, உன் மோட்டாரை! எந்திரிச்சு வாடா."

கை கழுவாமல்கூடப் போனான். வாசலில் செருப்புக் கோடு இன்னும் இருந்தது. வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான். தான் இன்னும் இறங்கிவரவில்லை என்று யாருக்கோ காட்டுகிற மாதிரி.

ஜன்னலோரக் கட்டில். ஆள் பாதியாகியிருந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த கைகளில், விரல் வெடிப்புகளுக்குள் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை அப்படியே இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளை.

"செருப்பு வெளிய கெடக்கு" என்றார் அவர். ஜன்னலிலிருந்து வாசல் தெரிந்தது.

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சா இது? "அதுக்கும் பூட்டுப் போடுங்க மாமா. நமக்குன்னாதானே போடுவீங்க? அந்தக் கான்ட்ராக்டர் செருப்பா இருந்தா தொடச்சு வெச்சிருப்பீங்க."

அக்கா, "டேய்" என்றாள்.

"நீ சும்மா இரு அக்கா. இன்னிக்குக் கேட்டுடறேன். எனக்குப் போட்டீங்களே, அவனுக்கு ஏன் போடல?"

மாமா அவனையே பார்த்தார். "கேம்ப்ல மொத்தம் எத்தனை பூட்டு இருந்துச்சுன்னு நெனைக்கிறே?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒண்ணு."

"என்னது, ஒண்ணா?"

"ஒண்ணுதான்டா மாப்ளே. முதல்ல அவனைப் பூட்டியிருந்தா, மச்சினன் வண்டி கண்ணுக்குத் தெரியலையான்னு கேப்பான். அதான் முதல்ல உனக்கு. நீ வருவே, நாலு வார்த்தை திட்டுவே, வண்டியை எடுப்பே. கழட்டின கையோட அவனுக்குப் போட்டுடலாம்னு கேட்லயே நின்னேன். நீ பூட்டை விட்டுட்டு பஸ்ஸுல ஏறிட்டே."

"நீங்களே வந்து கழட்டியிருக்கலாமே?"

"வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. மச்சினனுக்குத் தொறந்து விட்டுட்டு இன்னொருத்தனைப் பூட்டினா, அதுக்குப் பேரு என்ன?"

மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்தான்.

"அவன் என்ன சொல்லிட்டுப் போனான் தெரியுமா? என் கார் மேல கை வைக்க எவனுக்குத் தைரியம் இருக்குன்னான். அதுக்கப்புறம் நான் யாரைக் கேட்டாலும், கான்ட்ராக்டரைப் போய்க் கேளுன்னானுங்க. அடுத்த வருஷம் இன்னொரு பூட்டு வாங்கிக் கொடுத்தாங்க. வாங்கி என்ன பண்ண? போன பேரு போனதுதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்காடா ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில நின்னீங்க? அவருக்கு இல்லாத பூட்டு, உனக்கு இல்லாத வாய். நல்லா வாச்சீங்க எனக்கு!" சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த மெக்கானிக் செருப்பைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றான். தன் சக்கரத்தில் தொங்கிய பூட்டைத் தானேதான் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தக் கான்ட்ராக்டரைக் காப்பாற்றியது வேறு யாரும் இல்லை. கல்யாண மண்டபத்து வெயில் ஞாபகம் வந்தது. அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் போனபோது செருப்பைக் கோட்டுக்குள் விட்டான். ஜன்னலிலிருந்து, "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு தினமும் போனான். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பம்ப் செட்டைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். மாமனார் சொன்ன கொலுசுக் கதையை மெக்கானிக்கே எடுத்துவிட்டான். மாமாவுக்குச் சிரிப்பு இருமலாகி, அக்கா ஓடிவந்து இருவரையும் திட்டினாள். இப்படிச் சிரித்துக் கழித்திருக்க வேண்டிய சாயங்காலங்கள் எத்தனை போயின என்று நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மழை விட்ட ஒரு நாள், மாமா அவன் கையைப் பிடித்து இழுத்தார். அதற்கு அடுத்த நாட்களில் அவர் பேசியதெல்லாம் வெறும் உதட்டசைவுதான். அன்றைக்குக் குரல் இருந்தது.

"கோடெல்லாம் அழிஞ்சிருக்கும்."

"போட்டுக்கலாம் மாமா. எந்திரிச்சு வாங்க."

"பொய் சொல்லாத. அந்தப் பெரிய மரத்தடி... அன்னிக்கே எனக்குத் தெரியும், அங்க வண்டி முழுசா உள்ள போகாதுன்னு. வேர் இடம் விடாது. கோடுதான் தப்பு."

மெக்கானிக் அவர் முகத்தையே பார்த்தான். "அப்புறம் ஏன் மாமா இத்தனை வருஷமா மாத்தல?"

"மச்சினன் வண்டிக்காகக் கோட்டைத் தள்ளிட்டான்னு சொல்லுவானுங்க. அதான். ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டும்போது கை தயங்கும். அப்புறம் பழைய முளைக்குழியிலேயே அடிச்சுடுவேன். அதுல நின்னு எத்தனை பேரு என்கிட்ட பேச்சு வாங்கியிருப்பானுங்க."

மூச்சு வாங்கியது. அவன் தண்ணீரை எடுத்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிடித்த கையை விடவில்லை.

"டப்பாவும் கயிறும் கேட் ரூம் கதவுக்குப் பின்னாடி இருக்கு. லீவுக்கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போ. இப்ப உன்கிட்ட இருக்கற வண்டியையே கொண்டுபோய் அந்த மரத்தடியில விட்டுப் பாரு. பின் சக்கரம் எங்க நிக்குதோ, அதுக்கு ஒரு முழம் தள்ளி முளை அடி. பின்பக்கமாவே நட, கோட்டை மிதிச்சிடாத. யாராவது கேட்டா மச்சினனுக்காகத்தான்னு சொல்லிடு மாப்ளே."