புகைக்கூண்டு இல்லாத வாய்கள்

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை ஜன்னல் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பியபோது, துருப்பிடித்த ஆணி பன்றிக்குட்டியைப் போலக் கத்தியது. உள்ளே பதினோரு குழந்தைகள் பாயில் படுத்திருந்தார்கள். அடுப்பைச் சுற்றி நாங்கள் ஏழெட்டு ஆண்கள் குந்தியிருந்தோம். பலகை பெயர்ந்ததும் பனி உள்ளே பாயும் என்று தலையைத் துண்டால் மூடிக்கொண்டோம். பனி வரவில்லை. எங்கள் பீடிப் புகைதான் கற்றையாக, விட்டால் போதும் என்கிற மாதிரி, வெளியே போனது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் எங்களுக்கு வந்தது வெட்கமில்லை, கோபம்.

அரவேணுவுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த நான் அங்கே ஃபேக்டரியில், இலையைக் காயவைக்கிற டிரையரில் வேலை பார்த்தேன். மனைவி இலை பறித்தாள். இலை பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தைப் புள்ளக்காம்பரா என்பார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு அது. அதைப் பார்த்துக்கொண்டவரும் சின்ன வயதில் கப்பலேறி வந்தவர்தான். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ஆயம்மா என்றால் போதும். என் வயதுதான் இருக்கும். ஒல்லி உடம்பு, குரல் மட்டும் ஃபேக்டரிச் சங்கு.

அது தேயிலை விலை விழுந்த காலம். அரைத்த தூளை வாங்க ஆளில்லை என்று ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடியது. வேலையில்லாத நாளில் டிரையர் அடுப்பு எரியாது. மலையில் வேலையில்லாத ஆம்பளைக்குப் பசியை விடக் குளிர்தான் முதல் எதிரி. வீட்டு விறகை ராத்திரிச் சோற்றுக்கு மிச்சம் பிடித்தோம். பகலில் எஸ்டேட் முழுவதும் எரிந்த ஒரே அடுப்பு, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிற புள்ளக்காம்பரா அடுப்புதான். அங்கே போய் உட்கார்ந்தோம். கை சூடேறியதும் வாய் பீடியைத் தேடும். ஆளுக்கொரு பீடி, பிறகு இன்னொன்று.

ஜன்னல்களுக்கெல்லாம் பலகை வைத்து ஆணி அடித்திருந்ததற்கும் காரணம் இருந்தது. “பனி குடிச்ச புள்ள பத்து நாளு”, அதற்கு மேல் தாங்காது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சொலவடை. அதனால் சந்து பொந்துகளில் சாக்கைத் திணித்து, பிள்ளைகளின் காது வரைக்கும் கம்பளிக் குல்லாவை இழுத்து விட்டு, கதவைச் சாத்தி வைப்பது வழக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மீதிப் படிப்பை ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன், சொலவடை என்றால் உயிர். ஒரு சொலவடை பொய் சொல்லும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்தப் பருவத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. மூச்சு இழுக்கும்போது விலாவெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், மருந்து கொடுப்பார்கள், நாலு நாள் நன்றாக இருப்பாள், திரும்பவும் இழுக்கும். பனிதான் என்றோம். இன்னொரு சாக்கைக் கொண்டுபோய் ஜன்னலில் திணித்ததும் நான்தான்.

இலைக்கு விலை கேட்டு ஊட்டியில் மூன்று நாள் உண்ணாவிரதம் என்று எல்லா ஆண்களும் லாரி ஏறிப் போனோம். அந்த மூன்று நாளும் பக்கத்துச் செடி தெரியாத பனி. திரும்பி வந்த மறுநாள் வழக்கம்போல அடுப்படிக்குப் போய்ப் பற்றவைத்தோம். ஆயம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மூணு நாளு கொட்டுற பனி. எல்லாப் புள்ளையும் மத்தியானம் வாயப் பொளந்து தூங்குச்சு. ஒங்க மகளும்தாண்ணே. இன்னிக்கு ஒங்க மூஞ்சியப் பாத்ததும் இழுக்குது. பனி அப்படியேதான் இருக்கு, வந்து சேந்தது நீங்கதான்” என்றார். சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்.

ஜன்னலைத் திறந்த கையோடு கதவையும் காட்டினார். “பீடிய வெளிய போட்டுட்டு ஆளு உள்ள இருக்கலாம். இல்லாட்டி ரெண்டும் வெளிய.”

எங்களில் ஒரு கேலிக்காரர் இருந்தார், இலை நிறுக்கிறவர். அவர் விடவில்லை. “ஏனுங்க ஆயம்மா, அடுப்புப் புகை ஊட்டு மாமியாரு, பீடிப் புகை மட்டும் வந்தேறி மருமகளா? அடுப்பையும் அணைச்சுப் போடுங்களே பாக்கலாம்!”

எல்லோரும் சிரித்தோம். ஆயம்மாவும் சிரித்தார். “அடுப்புக்குப் புகைக்கூண்டு வச்சுக் கட்டிருக்கான். ஒங்க வாய்க்கு எங்க இருக்கு?”

அன்றைக்கு வெளியே வந்தவர்கள் ஒரு வாரம் பேசியதெல்லாம் அதையேதான். குளிரில் நடுங்கிய ஆம்பளைகளைப் பெண்பிள்ளை ஒருத்தி துரத்திவிட்டாள் என்பதை எங்கள் சங்கத் தலைவரால் தாங்க முடியவில்லை. ‘பிள்ளைகளைப் பனியில் போட்டுக் கொல்லப் பார்க்கிறாள்’ என்று ஆபீசுக்கு ஒரு மனு எழுதினார். ஆள் குறைக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த ஆபீஸ் அது. மனு போனால் ஆயம்மாவின் வேலை போகும். படுக்கையில் கிடந்த தாயாரை அவர் காப்பாற்றியது அந்தச் சம்பளத்தில்தான். மனுவில் முதல் கையெழுத்து, அதிகமாக இளைக்கிற பிள்ளையின் தகப்பன் போட்டால்தான் எடுபடும் என்றார் தலைவர். அதாவது நான்.

“சாயங்காலம் கூட்டத்துல போட்டர்றேனுங்க” என்று ஒத்துக்கொண்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கூட்டத்துக்குப் போகிற வழியில் மகளைக் கூட்டிப்போகப் புள்ளக்காம்பராவுக்குப் போனேன். மனு விஷயம் ஆயம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அழவில்லை, கெஞ்சவில்லை. மகளின் குல்லாவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “கையெழுத்துப் போடுறது ஒங்க இஷ்டம். மொதல்ல இத மோந்து பாருங்க. ஒரு வாரமா இங்க யாரும் பீடி குடிக்கல.”

மோந்து பார்த்தேன். பால் வாசனை இருந்தது, தேங்காயெண்ணெய் வாசனை இருந்தது. இரண்டுக்கும் அடியில், கம்பளி நூலுக்குள் ஊறிப்போய், பீடி. என் பீடி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி ஊதியவன் நான். முகத்தைத் திருப்பினால் போதும் என்று நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

கூட்டத்தில் பேனாவைத் தலைவர் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. “பனிதான் காரணம்னு எனக்குத் தோணலைங்க. நான் போடறதா இல்லைங்க” என்றேன். “அப்ப என்ன காரணமாம்?” என்று கேட்டார். இலை நிறுக்கிறவர் முந்திக்கொண்டார்: “ஊட்டுக்காரிக்குப் பயப்படாத சிங்கமுங்க, ஆயம்மாகிட்டப் பயந்துபோச்சு!” கூட்டமே சிரித்தது. காரணம் என் சட்டைப்பையில் கட்டாக இருந்தது. அதை எடுத்துக் காட்ட அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டு நடந்துவிட்டேன். தகப்பன் கையெழுத்து இல்லாத மனு ஆபீசுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் தேயிலைச் செடிக்கு நடுவே போய் நின்று, பனியில் நனைந்து பீடி குடித்தேன். பனி என்னை ஒன்றும் செய்யவில்லை. பீடியை முழுவதுமாக விட இன்னும் நாலு வருஷம் ஆனது. மகளுக்கு இளைப்பு வருவது குறைந்தது, நிற்கவில்லை. ஆயம்மா ஜெயித்த புள்ளக்காம்பராவை அடுத்த வருஷமே எஸ்டேட்காரர்கள் செலவைக் குறைக்கிறோம் என்று மூடினார்கள். அவர் தாயாரை அழைத்துக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். பஸ் ஏறும்போதுகூட, படியில் நின்று பீடி பிடித்த கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டேதான் ஏறினார்.

இப்போது எங்கள் லயங்களில் பாதி காலி. இருக்கிற கிழவர்கள் என்னிடம் சொல்வார்கள்: “நாமெல்லாம் பீடி குடிக்கலையா, நம்ம புள்ளைக வளரலையா?” வளர்ந்தார்கள். மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து மூச்சு வாங்குகிறார்களே, அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள் என்பேன். இதனால் இரண்டு மூன்று பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

போன மாதம் மகளுக்கு இளைப்பு முற்றி, குன்னூரில் ஒரு டாக்டரிடம் போனோம். கூட என் மனைவி, மருமகன், சம்பந்தியம்மா. சின்ன வயது டாக்டர், பெண். எப்போதிலிருந்து, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். சம்பந்தியம்மா, “மலைக் குளிருங்க, பொறந்ததுல இருந்தே பனில வளந்த புள்ளைங்க” என்றார். மருமகனும் ஆமாம் என்றார். மகள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவள் எனக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

“பனி இல்லைங்க டாக்டரம்மா” என்று எழுந்து நின்றேன். “இவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப, மடில வச்சுக்கிட்டு நான் பீடி குடிச்சேன். கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சேன்.”

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் பேனாவை நிறுத்தி, “அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதுங்க ஐயா” என்றார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று.

“இருக்கட்டுங்க” என்றேன். “அதையும் எழுதிக்கோங்க.”

அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் உட்காரவில்லை.